காற்றுக்கு மானியம் கிடையாது

தம்பி,

இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டு ஏஜெண்டுக்குப் போன் போடாதே. சனிக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நம் வீட்டைக் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். "சரிப்பா, வித்துடலாம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னது நான்தான், மறுக்கவில்லை. அன்றைக்கு நீ என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அப்பா உள்ளே மூக்கில் குழாயோடு படுத்திருந்தார், எனக்குக் கை கால் ஓடவில்லை. இப்போது ஓடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உனக்கு ஏது நேரம்? "ம்மா, பிரேக் முடியப் போவுது, அப்புறம் பேசறேன்லா" என்பாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. கடிதம் என்றால் நடுவில் வெட்டிவிட்டுப் போகமுடியாது பார். ரேவதியும் படிக்கட்டும். உன் மாமனார் மாமியார் படித்தாலும் பரவாயில்லை, அவர்களும் இதில் வருகிறார்கள். உன் கூட்டாளிகளில் யாராவது புது வீடு வாங்கியிருந்தால் அவர்களுக்கும் காட்டு. நான் செய்த கூத்தை அவர்களும் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

நீ சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுங்கைப் பட்டாணியில் நாங்கள் இரண்டு கிழங்கள், கூலிமில் நீயும் ரேவதியும். ஏதாவது ஒன்று என்றால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும். அன்றைக்கு அப்படித்தான் வந்தாய், வேலைச் சட்டையோடு, கழுத்தில் அட்டை தொங்க. "இது வீடில்லம்மா, அடுப்பு. இதுல இன்னொரு வெயில் காலம் அப்பாவ விட்டு வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ அழுது நான் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அடுப்பு என்று நீ சொன்னதும் சரிதான். அந்த அடுப்பை மூட்டியது யார் என்று மட்டும் நீ கேட்கவில்லை. அது உன் நல்ல குணம். கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அப்பாவின் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழிற்சாலை பஸ் ஓட்டியவருக்கு இரவு ஏது, பகல் ஏது? விடிவதற்கு முன்னால் காலை ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இறக்குவார். இரவு ஷிப்டு முடித்தவர்களைத் திரும்ப ஏற்றிவந்து தாமான் தாமானாக, ஒவ்வொரு குடியிருப்பிலும் விடுவார். சாயந்தரம் மறுபடியும் அதே ஓட்டம். மத்தியானம்தான் அவருக்கு நடுராத்திரி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மத்தியானத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாயே, ஞாபகம் இருக்கிறதா? ரொட்டிக்காரன் தெருவில் ஹாரன் அடித்தால் நான் கேட் வரைக்கும் ஓடிப்போய் அவனைத் திட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த உடம்பு மாறவில்லை. இரவெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார், வாசலைப் பார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் நாற்காலியில் சாய்ந்தால்தான் அசந்து தூங்குவார். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த தூக்கம் அது ஒன்றுதான்.

உனக்கு ரேவதியைப் பேசி முடித்தோம் இல்லையா, அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் நம் ஆட்கள் முதலில் என்ன செய்வோம்? ரினோவேஷன்! சாயம் அடிக்காமல், டைல்ஸ் மாற்றாமல், பிளாஸ்டர் சீலிங் போடாமல் நம் தெருவில் எந்த வீட்டிலாவது கல்யாணம் நடந்திருக்கிறதா? அதிலும் சம்பந்தி அலோர் ஸ்டாரில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தோட்டத்து லயத்தில் பிறந்து, தொழிற்சாலையில் சாமான் பூட்டுகிற லைனில் உட்கார்ந்தவள். உள்ளுக்குள் எனக்கு ஒரே உதறல். லயத்து வீட்டில் பலகை இடுக்கு வழியாக மழை வரும், பூரான் வரும், பக்கத்து வீட்டுக் குடிகாரன் சண்டை வரும். எனக்கென்று ஒரு வீடு வந்தால் அதில் ஓர் ஓட்டைகூட இருக்கக்கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தவள் நான். சன்னலுக்கு மேலே காற்று வர வைத்திருந்த ஓட்டைக் கற்களை எல்லாம் சிமெண்டு பூசி அடைக்கச் சொன்னேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்துகிடந்த இடத்தைக் கூரைத் தகடு போட்டு மூடி, கீழே டைல்ஸ் பதித்து, சாப்பாட்டு மேசை போட்டேன். "கட்டினவன் பைத்தியமா, நடு வீட்ல இவ்ளோ பெரிய ஓட்டைய விட்டு வச்சிருக்கான்" என்று கண்டிராக்டர் முத்துவிடம் சொல்லிச் சிரித்தேன்.

எல்லாவற்றையும் அடைத்தால் புழுங்காதா? புழுங்கும். அதற்குத்தான் ஏசி. அந்தச் சமயத்தில் மின்சாரம் குறைவாக இழுக்கிற ஏசிக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று கடையில் சொன்னார்கள். அஞ்சு நட்சத்திரம் ஒட்டியிருந்தால் விலையில் கழித்துக்கொள்வார்களாம். வீட்டுக்கு ஒன்றுக்குத்தான் அந்தக் கழிவு. "ஒண்ணு மலிவா கெடைச்சிருச்சே, மிச்சம் புடிச்ச காசுல இன்னும் ரெண்டு மாட்டிடுவோம்" என்று ஒரு கணக்குப் போட்டேன் பார், அந்தக் கணக்குக்கு யாராவது எனக்கு மாலை போடவேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடி என்று கொடுத்த காசை வைத்துக்கொண்டு மின்சாரம் குடிக்கிற பெட்டிகளை வாங்கி வரிசையாக மாட்டிய மகராசி நான். அப்பா அன்றைக்கே கேட்டார். "எதுக்கு மூணு? நாம ரெண்டு பேருதான இருக்கப் போறோம்?" "வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்றேன்.

அவர்கள் வீடு பார்க்க வந்த அன்று மூன்றையும் காலையிலேயே போட்டுவிட்டேன். உன் மாமனார் உள்ளே வந்ததும், "அடடா, வெளிய என்னா வெயிலு, இங்க கேமரன் மலைக்கு வந்த மாதிரி இருக்கே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் மாமியார் சீலிங்கை நிமிர்ந்து பார்த்தார், டைல்ஸைக் குனிந்து பார்த்தார். அவர்கள் பார்க்கிற பக்கமெல்லாம் நானும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கார் முனை திரும்பியதும் உள்ளே வந்து மூன்று ஏசியையும் அணைத்தேன். ரிமோட்டுகளைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துச் சாத்தினேன். சிரிக்காதே. நம் தெருவில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பார். ஏசி இருக்கும், யாராவது வந்தால் ஓடும், வந்தவர் செருப்பு மாட்டும்போது நிற்கும்.

பிறகு உன் கல்யாணம் முடிந்தது, நீ கூலிமுக்குப் போனாய், இந்த வருடத்து வெயில் வந்தது. பெண்டாங் பக்கம் வயலெல்லாம் வெடித்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் காற்றாடி சுற்றினால் அனல்தான் அடித்தது. காற்று வர வழியும் இல்லை, சூடு போக வழியும் இல்லை. அன்றைக்கு மத்தியானம் அப்பா வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்தார். நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அவர் தரையில் கிடக்கிறார். உடம்பு கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை, "பஸ்ஸ எடுக்கணும், ஆளுங்க நிக்கிறாங்க" என்று உளறுகிறார். பக்கத்து வீட்டுப் பையன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தெளிந்ததும் அந்த மலாய் டாக்டர் பெண், மாமா என்கிற மாதிரி பாக்சிக் போட்டு மெதுவாகக் கேட்டாள், "வீட்டில் ஏர்கோன் இல்லையா பாக்சிக்?" என்று. மூன்று இருக்கிறது என்றார் அப்பா. "பிறகு ஏன் போடவில்லை?" அவர் யோசித்துவிட்டு, "இன்னைக்கு வீட்டுக்கு யாரும் வரல" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை தம்பி, நிஜமாகவே அதைத்தான் காரணமாகச் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் முதல் ஏசி தொழிற்சாலையில்தான். அப்பாவின் பஸ்ஸில் ஏறிப்போய் இறங்கி உள்ளே நுழைந்தால் பல் கிடுகிடுவென்று அடிக்கும். குளிர் தாங்காமல் ஒருத்தி மயங்கிக்கூட விழுந்தாள். கொஞ்சம் குறைக்கச் சொன்னால் சூப்பர்வைசர், "இது உங்களுக்கு இல்ல, சாமானுக்கு" என்றார். நீயும் இன்றைக்கு அதேபோல் ஓர் அறையில்தான் வேலை பார்க்கிறாய், உனக்கே தெரியும். அங்கே குளிர் சாமானுக்கு, வீட்டில் குளிர் விருந்தாளிக்கு. நமக்காக ஒரு தடவை அந்தப் பொத்தானை அழுத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊராருக்கு உண்டு, உன் அப்பாவுக்கு இல்லையா?

வீட்டுக்கு வந்தபின் நீ சொன்னபடி இரவு பகலாக ஏசி ஓடியது. பில்லைப் பார்த்து எனக்கு மயக்கம் வந்தது. "நான் கட்டிக்கறேன், நீ பேசாம இரும்மா" என்றாய். நீ ஓவர்டைம் செய்து கட்டினாய், ரேவதி கூலிம் வீட்டில் தனியாகச் சாப்பிட்டாள். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இத்தனை குளிரிலும் அப்பா மத்தியானம் தூங்குவதை நிறுத்திவிட்டார். ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை விழித்தபடி படுத்திருப்பார். "தூங்குங்களேன்" என்றால், "கண்ண மூடினா அப்படியே போயிருவேன்போல இருக்குடி" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீ அழைக்கும்போதெல்லாம் "அப்பா நல்லா இருக்காரு" என்று சொன்னேனே, அது பொய்.

அந்த நேரத்தில்தான் தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு ஒரு சோலார்க்காரத் தம்பி வந்தார், சீனப் பையன். கூரையில் சோலார் பலகை போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது, ஆனால் இத்தனை வீட்டுக்குத்தான் என்று கோட்டா வைத்திருக்கிறது என்றார். "ஆண்ட்டி, கோட்டா நாக் ஹாபிஸ்லா!" என்று முடியப்போகிற கோட்டாவைச் சொல்லியே அவசரப்படுத்தினார். அந்தப் பயங்கர பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, கூரை முழுக்கப் பலகை போட்டால்தான் கட்டுப்படியாகும் என்றார். நீதான் அன்றைக்குப் போனில், "விக்கப் போற வீட்டுக்கு எதுக்கும்மா சோலார், விடு" என்று சொல்லிவிட்டாய். சரி என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் வெயில் முறிந்து மழை கொட்டியது. மழையா அது! ஜெராய் மலைப் பக்கமிருந்து கருகருவென்று வந்து, ஒரே ஒரு காற்று. நடு வீட்டை மூடியிருந்த கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு பறந்துபோய்ப் பின் சந்தில் விழுந்தது. சாப்பாட்டு மேசை, நாற்காலி, என் புது டைல்ஸ் எல்லாம் தண்ணீர். மின்சாரமும் போய்விட்டது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை வாரி இறைத்தபடி, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி அழுதேன். ஏசி நின்றதும் அப்பா அறையிலிருந்து வெளியே வந்து ஹாலில் உட்கார்ந்தார். நான் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டே இருந்தேன், பதிலே இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், மனுஷன் நாற்காலியில் தலை சாய்ந்து குறட்டை விடுகிறார். மழை விட்டபிறகும் தூங்கினார். அடுத்த நாள் வெயில் அடித்தது, அன்றைக்கும் அதே இடத்தில் தூங்கினார். முன்வாசல் வழியாக வந்த காற்று நடு வீட்டு ஓட்டை வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. வீட்டைக் கட்டினவன் பைத்தியம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தகட்டைத் திரும்பப் போட வந்த முத்துவிடம் போடவேண்டாம் என்றேன். மழைத் தண்ணீர் உள்ளே விழாமல், ஆனால் காற்று போகிறமாதிரி சுற்றிலும் இடைவெளி விட்டு உயரத்தில் ஒரு குட்டிக் கூரை போடச் சொன்னேன். சன்னலுக்கு மேலே பூசிய சிமெண்டையும் உடைக்கச் சொன்னேன். முத்து தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, ஊரே மூடச் சொல்லுது, நீங்க மட்டும் தொறக்கச் சொல்றீங்க. மூடினதும் நான்தான், தொறக்கறதும் நான்தான். எனக்கு ரெண்டு கூலி!" இதற்கு ஏதாவது மானியம் உண்டா என்று கேட்டேன். "செவத்த ஒடைக்கறதுக்கு எவன்க்கா காசு குடுப்பான்?" என்று சிரித்தான்.

அவன் சொன்னது உண்மைதான். நான் அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. கடையில் வாங்குகிற சாமானுக்கு ரசீது இருக்கிறது, அதைக் காட்டினால் மானியம் தரலாம். காற்றுக்கு யார் ரசீது தருவார்கள்? நிழலுக்கு நட்சத்திரம் ஒட்டமுடியுமா? அதனால் மானியம் என்றதும் நாம் கடைக்குத்தான் ஓடுகிறோம். மானியம் நல்லதுதான், தம்பி. எதை வாங்கினால் மானியம் என்று கேட்பதற்கு முன்னால், எதை வாங்காமல் இருக்கலாம் என்று நம் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. உன் கூலிம் வீட்டிலும் பின்பக்கத்தைச் சுவர் வரைக்கும் இழுத்து மூடப்போவதாக ரேவதி சொன்னாள். கொஞ்சம் பொறு. ஒரு மாதம் அந்த வீட்டில் இருந்து பாருங்கள், காற்று எந்தப் பக்கம் வருகிறது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று. அப்புறம் முத்துவைக் கூப்பிடு. ரேவதி தனியாக இருக்கும்போது, நான் ஒருத்திதானே என்று ஏசியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் நான் சொன்னேன் என்று திட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாமல் அந்தச் சோலார்த் தம்பியை மறுபடி வரச் சொன்னேன். ஓட்டைகளைத் திறந்தபின் பாதியாகக் குறைந்து வந்த புதிய பில்லைக் காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது, ஆனால் நல்ல பிள்ளை, முன்பு சொன்னதில் பாதிப் பலகை போதும் என்று ஒத்துக்கொண்டார். உச்சி வெயிலில் ஏசி தேவைப்படுகிற நாட்களும் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில்தான் பலகையும் நன்றாக வேலை செய்யுமாம். அப்பாவைத் தள்ளிய வெயிலே அவருக்கு விசிறட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சும் போடவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வங்கியில் வட்டி குறைந்த பசுமைக் கடன் ஒன்று இருக்கிறது. நானும் அப்பாவும் சட்டை மாற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பாவின் வயதுக்கு இத்தனை வருடத் தவணை கொடுக்கமாட்டார்களாம், மகன் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கொடுப்பார்களாம். வெளியே வந்ததும் அப்பா, "பலகைக்கு இருபத்தஞ்சு வருஷம் வாரண்டியாம். எனக்கு எவன் தருவான்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, நீதான் முடிவு செய்யவேண்டும். நீ கையெழுத்துப் போட்டால் இந்த வீடு உன் தலையிலும் ஏறுகிறது. நாங்கள் போன பிறகும் தவணை மிச்சம் இருக்கலாம். அதை மறைத்து உன்னிடம் கையெழுத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. மாதக் கடைசியில் கோட்டா மூடிவிடுவார்கள், ஆகவே யோசிக்கலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. எனக்கு இந்த வீட்டின்மேல் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. கல்லும் சிமெண்டும்தானே. கூலிமில் உன் வீட்டு அறையும் நல்ல அறைதான், ரேவதி எங்களைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாள். நான் எங்கே வேண்டுமானாலும் இருந்துவிடுவேன். நான் பார்ப்பது அவர் ஒருத்தரைத்தான்.

சனிக்கிழமை வா. ஏஜெண்டை விட்டுவிட்டு, ரேவதியைக் கூட்டிக்கொண்டு வா. காலையில் வராதே, காலையில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் வா. அன்றைக்கு ஏசி போடமாட்டேன், நீ விருந்தாளி இல்லை. கேட்டைத் திறந்து வைத்திருப்பேன், சத்தம் போடாமல் உள்ளே வந்து அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். எழுப்பாதே, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இரு. அதற்குப் பிறகும் அவரை இங்கிருந்து எழுப்பிக் கூட்டிப்போக உனக்கு மனசு வந்தால் ஒரு வார்த்தை சொல், மறுபேச்சு பேசாமல் துணிமணியை எடுத்து வைக்கிறேன். மனசு வராவிட்டால், வங்கிக் காகிதமும் பேனாவும் மேசைமேல் இருக்கும்.

அம்மா